ஆபீஸ் சாஃப்ட்வேர் வீட்டுல ஸ்லோவா? 62,000 ரூபாய்க்கு இ.எம்.ஐ போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன வாரம் நம்ம சேனல்ல "நோ காஸ்ட் இ.எம்.ஐ" வீடியோ போட்டதும் மாத்தூர் எம்.எம்.டி.ஏ-ல இருந்து ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். பாரிமுனை பக்கம் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் வேலை. கைக்கு வர்ற சம்பளம் 28,000. வாரத்துல ரெண்டு நாள் வீட்டுல இருந்து வேலை பார்க்கலாம்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. மணலி ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னாடி தினமும் நின்னவங்களுக்குத்தான் அந்த ரெண்டு நாளோட அருமை தெரியும்.

பிரச்சினை என்னன்னா, ஆபீஸ் சர்வர்ல இருக்கிற டேலியை வீட்டு கம்ப்யூட்டர்ல திறந்தா ஒரு எழுத்து அடிச்சு ரெண்டு செகண்ட் கழிச்சு ஸ்க்ரீன்ல வருதாம். வீட்டுல இருக்கறது 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷின். "அண்ணா, 62,000-க்கு ஒரு லேப்டாப் பார்த்து வச்சிருக்கேன். 12 மாச இ.எம்.ஐ, மாசம் 5,167. போட்டுடவா?" இதுதான் கேள்வி.

போட வேண்டாம்னு பதில் அனுப்பினேன். ஏன்னு அந்த மெயில்ல முழுசா எழுத முடியல. இதே நிலைமையில நிறைய பேர் இருக்கீங்க, அதனால இங்கேயே விவரமா எழுதறேன்.

முதல்ல கணக்கை முடிச்சிடுவோம். சம்பளத்துல 5,167 போறதுன்னா கிட்டத்தட்ட 18 சதவீதம். "நோ காஸ்ட்"னு சொன்னாலும் பேங்க் வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுத்து சரிக்கட்டறாங்க, அவ்வளவுதான். ஆனா வட்டி மேல 18% ஜி.எஸ்.டி உங்க கார்டுலதான் விழும். வட்டி விகிதம் 16%னு வச்சுக்கிட்டா இந்த லேப்டாப்புக்கு அது மட்டும் 900 ரூபாய் சுமார் வரும். ப்ராசஸிங் ஃபீ தனி. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. லேப்டாப் வந்த பிறகும் டேலி அதே மாதிரி ஸ்லோவா ஓடினா? அதுக்கான வாய்ப்புதான் அதிகம்.

மேட்ச் நடக்கிறது சேப்பாக்கத்துல, டிவி உங்க வீட்டுல

ரிமோட் டெஸ்க்டாப், ரிமோட் ஆப் இதெல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் பார்த்துடலாம். டேலி ஓடறது உங்க வீட்டு கம்ப்யூட்டர்ல இல்லை. ஆபீஸ் சர்வர்லயோ, ஏதோ ஒரு டேட்டா சென்டர்லயோ ஓடுது. அங்க இருந்து ஸ்க்ரீனோட படம் மட்டும் உங்களுக்கு வருது. இங்க இருந்து கீபோர்டு அடிக்கிறதும் மவுஸ் நகர்றதும் மட்டும் அங்க போகுது. சேப்பாக்கத்துல நடக்கிற மேட்சை வீட்டு டிவியில பார்க்கிற மாதிரிதான். பெரிய டிவி வாங்கினா ஸ்கோர் மாறாது.

அந்தப் படத்தை வாங்கிக் காட்டற சின்ன சாஃப்ட்வேருக்குப் பேர்தான் கிளையன்ட். இதுக்குப் பெரிய ப்ராசசர் தேவையில்லை. 4 ஜிபி மெஷின் போதும். நம்பிக்கை இல்லைன்னா டாஸ்க் மேனேஜரைத் திறந்து வச்சுக்கிட்டு ரிமோட்ல வேலை பாருங்க. சி.பி.யு சும்மா உட்கார்ந்திருந்தா புது லேப்டாப் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

அப்ப ஸ்லோ எங்கிருந்து வருது? இதைக் கண்டுபிடிக்க காசு தேவையில்லை. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து முதல்ல உங்க வீட்டு ரௌட்டருக்கு பிங் அடிங்க. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அப்புறம் ஆபீஸ் சர்வருக்கு அடிங்க. சில ஆபீஸ்ல பிங்கை பிளாக் பண்ணியிருப்பாங்க, அப்ப ஐ.டி ஆளைக் கேளுங்க. ரிமோட் டெஸ்க்டாப்புக்குப் போய்த் திரும்பற நேரம் 150 மில்லி செகண்டுக்குள்ள இருக்கணும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லுது. நம்ம தம்பிக்கு ரௌட்டருக்கே 3-ல இருந்து 400 வரைக்கும் எகிறிக்கிட்டிருந்தது. ரௌட்டர் ஹால்ல, இவர் பின்பக்க ரூம்ல, நடுவுல ரெண்டு சுவர். அவரோட பிரச்சினை மொத்தமும் அந்த வைஃபைதான். ஒரு நீளமான லேன் கேபிள் போதும்.

சரி, எந்த கிளையன்ட் போடறது?

இங்கதான் எல்லாரும் குழம்பறாங்க. யூடியூப்ல "பெஸ்ட் ரிமோட் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர்"னு தேடி, முதல்ல வர்றதை இறக்கிடறாங்க. ஆனா கிளையன்ட்டை முடிவு பண்றது பெரும்பாலும் நீங்க இல்லை, அந்தப் பக்கம் இருக்கிற சர்வர்தான். ஆபீஸ்ல சிட்ரிக்ஸ் போட்டிருந்தா உங்களுக்கு சிட்ரிக்ஸ் வொர்க்ஸ்பேஸ் ஆப். 2018 வரைக்கும் இதுக்கு ரிசீவர்னு பேர், பழைய ஆளுங்க இன்னும் அப்படித்தான் சொல்வாங்க. வி.எம்வேர் ஹொரைசன் போட்டிருந்தா, அந்தப் பிரிவு 2024-ல கைமாறி இப்போ ஆம்னிசா ஹொரைசன் கிளையன்ட் ஆயிடுச்சு. இந்த ரெண்டும் பெரிய ஐ.டி கம்பெனி, பேங்க் மாதிரி இடங்கள்ல. கிளையன்ட் இலவசம், காசு சர்வர் பக்கம் கம்பெனி கட்டுது.

ராயபுரம், திருவொற்றியூர், பாரிமுனை பக்கம் இருக்கிற பத்து இருபது பேர் ஆபீஸ்கள்ல பெரும்பாலும் விண்டோஸ் சர்வர்தான் இருக்கும். அதுக்கு நீங்க எதையுமே இறக்க வேண்டாம். விண்டோஸ்லயே "ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன்"னு ஒண்ணு இருக்கு. ஸ்டார்ட் மெனுவுல தேடினா வந்துடும். ஹோம் எடிஷன்லயும் இருக்கு. "ஹோம் எடிஷன்ல ரிமோட் வேலை செய்யாது, ப்ரோ வாங்குங்க"னு கடையில சொன்னா நம்பாதீங்க. ஹோம் எடிஷன் மெஷினுக்குள்ள வெளியில இருந்து வர முடியாது. ஆனா ஹோம்ல இருந்து வெளிய போகலாம். உங்களுக்குத் தேவை போறதுதானே?

2025-ல ஒரு குழப்பம் நடந்தது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல இருந்த "ரிமோட் டெஸ்க்டாப்"ங்கற ஆப்பை மே 27-ஓட நிறுத்திட்டு, "விண்டோஸ் ஆப்"னு ஒண்ணுக்கு மாறச் சொன்னாங்க. பேர் வைக்கிறதுல மைக்ரோசாஃப்ட்டை அடிச்சுக்க ஆள் இல்லை! ரிமோட் டெஸ்க்டாப்பே போச்சுன்னு நிறைய பேர் பயந்துட்டாங்க. நின்னது ஸ்டோர் ஆப் மட்டும்தான். விண்டோஸோட கூடவே வர்ற பழைய ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன் அப்படியே இருக்கு. ஆபீஸ்ல அஸூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப்போ விண்டோஸ் 365-ஓ கொடுத்திருந்தாதான் உங்க லேப்டாப்புக்கு விண்டோஸ் ஆப் வேணும், அதுவும் ஆபீஸ் அக்கவுண்ட்டோட. மேக், ஐபோன் வச்சிருக்கிறவங்களுக்கு பழைய ரிமோட் டெஸ்க்டாப் ஆப்தான் விண்டோஸ் ஆப்னு பேர் மாறியிருக்கு.

பிரவுசர்லயே திறக்கிற வசதியும் சில ஆபீஸ்ல கொடுப்பாங்க. ஒரு லிங்க், ஒரு பாஸ்வேர்ட், க்ரோம்லயே டேலி வந்துடும். அவசரத்துக்கு அருமை. ஊருக்குப் போன இடத்துல அண்ணனோட லேப்டாப்ல ஒரு வவுச்சர் பார்க்கணும்னா இதுதான் வசதி. ஆனா பிரிண்ட் கொடுத்தா நேரா பிரிண்டருக்குப் போகாம பி.டி.எஃப் ஆக இறங்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் பொதுவா இதுல வேலை செய்யாது.

அந்த டோக்கனைப் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா கஸ்டம்ஸ், ஜி.எஸ்.டி, ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கிற எல்லாருக்கும் இதுல ஒரு நாள் வீணாகும். ஐஸ்கேட்ல பில் ஆஃப் என்ட்ரி போடணும்னா டோக்கன் வேணும். டோக்கன் ஆபீஸ் சர்வர்லயே குத்தியிருக்கு, நீங்க வீட்டுல இருந்து ரிமோட்ல உள்ள போனா அது தெரியவே தெரியாது. சர்வர் கெட்டுப்போகல. ஆர்.டி.பி செஷனுக்குள்ள இருக்கும்போது விண்டோஸ் ஸ்மார்ட் கார்டைத் தேடறது உங்க வீட்டு மெஷின்ல. அது அப்படித்தான் கட்டப்பட்டிருக்கு. டோக்கனை வீட்டு மெஷின்ல குத்தி, கனெக்ஷன் செட்டிங்ல "லோக்கல் ரிசோர்சஸ்" போய் ஸ்மார்ட் கார்ட் டிக் பண்ணியிருந்தா தெரியும்.

அப்ப டோக்கனை வீட்டுக்குக் கொண்டு போயிடலாமானு கேட்காதீங்க. அது முதலாளி பேர்ல இருக்கிற கையெழுத்து. தன் ப்ரைவேட் கீயைத் தன் கட்டுப்பாட்டுலயே வச்சுக்கணும்னு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல 42-ஆவது பிரிவு அவருக்குப் பொறுப்பு வைக்குது. அவர் "நீயே எடுத்துட்டுப் போப்பா"னு நம்பிக் கொடுத்தாலும், நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தா முதல் கேள்வி உங்களைத்தான் கேட்பாங்க. டோக்கன் வேலையை ஆபீஸ் போற மூணு நாள்ல வச்சுக்கோங்க.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வச்சிருக்கிற ஆபீஸ்களுக்கு ஒரு சின்ன குறிப்பு. ரிமோட் வழியா பிரிண்ட் போகும்போது எழுத்தா போகாம படமா போகும். ஒரு வரிக்கு மூணு தடவை ஹெட் ஓடி, ஒரு இன்வாய்ஸுக்கு ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம். பிரிண்டர் ரிப்பேர்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டு காசு கொடுக்காதீங்க.

"எனிடெஸ்க் ஃப்ரீயாச்சே, அதையே போட்டுக்கலாமே?"

போடலாம். ஆனா அது வேற வேலைக்கானது. எனிடெஸ்க், டீம்வியூவர், நம்ம ஊர் ஜோஹோ அசிஸ்ட், இதெல்லாம் ஒரு கம்ப்யூட்டரோட ஸ்க்ரீனை இன்னொருத்தர் பார்த்து இயக்கறதுக்கு. நீங்க வீட்டுல இருந்து டேலி பார்க்கும்போது ஆபீஸ்ல அந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவரால வேலை பார்க்க முடியாது. உங்க மவுஸ் நகர்றது அவருக்குத் தெரியும். பத்து பேர் வேலை பார்க்க பத்து மெஷின் ஆன்ல இருக்கணும். தவிர எனிடெஸ்க்கும் டீம்வியூவரும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம். ஆபீஸ் வேலைக்குப் போட்டா கொஞ்ச நாள்ல "வணிகப் பயன்பாடு போலத் தெரியுது"னு மெசேஜ் வந்து பாதியில கட் ஆகும், அதுவும் ஜி.எஸ்.டி ரிட்டர்ன் கடைசி நாள்ல.

இன்னொரு விஷயம், இதுதான் நம்ம பிளாக்கோட ஏரியா. 2019 பிப்ரவரியில ரிசர்வ் பேங்க், எனிடெஸ்க் பேரையே சொல்லி எல்லா பேங்க்கையும் எச்சரிச்சது. மோசடிக்காரன் போன் பண்ணி இந்த ஆப்பை இறக்கச் சொல்வான். ஸ்க்ரீன்ல வர்ற 9 இலக்க நம்பரைக் கேட்பான். கொடுத்துட்டா உங்க போன் அவன் கையில, யு.பி.ஐ-ல பணம் போயிடும். ஆப் மேல தப்பு இல்லை, கதவைத் திறந்து விடறது நாமதான். ஆபீஸ் வேலைக்காக இந்த ஆப் ஏற்கனவே உங்க மெஷின்ல இருந்தா, மோசடிக்காரனுக்கு பாதி வேலை முடிஞ்சுது. "உங்க ஆபீஸ் ஐ.டி-ல இருந்து பேசறேன்"னு ஒருத்தன் சொன்னா சந்தேகமே வராது பாருங்க.

அப்படி பணம் போனா என்ன ஆகும்? 2017 ஜூலையில வந்த ரிசர்வ் பேங்க் சுற்றறிக்கைப்படி, பேங்க் மேலயும் உங்க மேலயும் தப்பு இல்லாம நடந்த மோசடியை 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனா நீங்களே ஓ.டி.பி, பின், பாஸ்வேர்ட் கொடுத்திருந்தா, பேங்க்குக்குத் தகவல் சொல்ற வரைக்கும் போன பணம் உங்க தலையிலதான். அதனால முதல் வேலை பேங்க்குக்கும் 1930-க்கும் போன். வீட்டுல சொல்லலாமா வேண்டாமானு யோசிக்கிறதெல்லாம் அப்புறம்.

ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன்லயும் ஒரு டிக்கை எடுத்துடுங்க. லோக்கல் ரிசோர்சஸ்ல "டிரைவ்ஸ்"னு இருக்கும். அது ஆன்ல இருந்தா உங்க வீட்டு மெஷின்ல இருக்கிற ஃபைல் எல்லாம் ஆபீஸ் சர்வருக்குள்ள இருந்து தெரியும். ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட், கல்யாண போட்டோ எல்லாம். சர்வர்ல ரான்சம்வேர் வந்தா அது உங்க வீட்டு டிரைவ் வரைக்கும் கை நீட்டும். உங்க மெஷின்ல வைரஸ் இருந்தா அது ஆபீஸுக்குப் போற வழியும் இதுதான்.

சர்வரையே நேரா இன்டர்நெட்ல திறந்து வச்சிருக்கிற ஆபீஸ்களும் இருக்கு. ஐ.பி முகவரி ஒண்ணைக் கொடுத்து, வி.பி.என்னும் இல்லாம கேட்வேயும் இல்லாம நேரா உள்ள போகச் சொன்னா அதுதான் அர்த்தம். 3389-ங்கற அந்தக் கதவை உலகம் முழுக்க ஆளுங்க தட்டிக்கிட்டே இருக்காங்க. 2019 மே மாசம் புளூகீப்னு ஒரு ஓட்டை வெளிய வந்தப்போ, சப்போர்ட் முடிஞ்சு போன விண்டோஸ் எக்ஸ்பி-க்குக் கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்துச்சுன்னா பாருங்க எவ்வளவு பயந்திருப்பாங்கன்னு. இதை நீங்க சரி பண்ண முடியாது, ஆனா முதலாளி காதுல போடலாம். சர்வர் லாக் ஆகி ஒரு மாசம் ஆபீஸ் நின்னா உங்க சம்பளமும்தான் நிக்கும்.

"லைசென்ஸ் சர்வர் இல்லை"னு ஒரு மெசேஜ் வந்து கனெக்ஷன் மறுக்கப்பட்டா, அதுக்கும் உங்க மெஷினுக்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் சர்வர்ல பல பேர் உள்ள வரணும்னா ஆளுக்கோ மெஷினுக்கோ தனி லைசென்ஸ் வாங்கணும். வாங்காம 120 நாள் ஓட்டலாம். 121-வது நாள் வர்ற மெசேஜ் அது. சில பேர் சாதா விண்டோஸ் 11-ல ஏதோ பேட்ச் போட்டு நாலு பேரை உள்ள விடுவாங்க. அது லைசென்ஸ் மீறல், ஒரு அப்டேட் வந்தா நாலு பேரும் வெளிய.

டேட்டா செலவு

எளிமையான டேட்டா என்ட்ரி வேலைக்கு 1.5 எம்.பி.பி.எஸ், நடுத்தர ஆபீஸ் வேலைக்கு 3 எம்.பி.பி.எஸ்னு மைக்ரோசாஃப்ட் கணக்கு சொல்லுது. 1.5 முழுசா ஓடினா ஒரு மணி நேரத்துக்கு 675 எம்.பி, எட்டு மணி நேரத்துக்கு 5.4 ஜிபி. நிஜத்துல ஸ்க்ரீன் அசையாம இருக்கும்போது எதுவும் போகாது, அதனால இதுல பாதி கூட ஆகாது. ஆனாலும் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி ப்ரீபெய்ட் பிளானை நம்பி உட்காராதீங்க. ஹாட்ஸ்பாட்லதான் ஓட்டணும்னா கனெக்ஷன் செட்டிங்ல "எக்ஸ்பீரியன்ஸ்" டேப் போய் வால்பேப்பர், அனிமேஷன் எல்லாத்தையும் எடுத்துட்டு, "டிஸ்ப்ளே" டேப்ல கலரை 16 பிட்டுக்குக் குறைங்க. டேலிக்கு 16 பிட் தாராளம்.

நடுவுல நெட் போனா பயப்படாதீங்க. நீங்க பாதி அடிச்ச வவுச்சர் சர்வர்லயே இருக்கும், திரும்ப உள்ள போனா விட்ட இடத்துல நிக்கும். ஆபீஸ்ல டைம் லிமிட் வச்சிருந்தா மட்டும் போகும். இதுக்காகவே சொல்றேன், வி.பி.என் போட்டு ஆபீஸ் ஃபோல்டரைத் திறந்து, உங்க வீட்டு டேலியில ஓட்டற முறையைத் தவிர்த்துடுங்க. அதுல நெட் அறுந்தா டேட்டாவே கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு.

மிக்ஜாம் ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர் 4. மணலி, எண்ணூர் பக்கம் தண்ணியோட எண்ணெயும் சேர்ந்து வந்த நாட்கள். கரன்ட் இல்லை, டவர் இல்லை, எந்த கிளையன்ட்டும் உதவாது. ஆனா சாதாரண ஒரு மணி நேர பவர் கட்டுக்கு ரௌட்டருக்கு மட்டும் ஒரு குட்டி யு.பி.எஸ் போதும், ஆயிரம் ஆயிரத்தைந்நூறுல முடிஞ்சிடும். லேப்டாப்பை விட இது முதல்ல வாங்க வேண்டியது.

பழைய மெஷின் என்ன பண்றது?

தம்பியோட மெஷின் விண்டோஸ் 10. அதுக்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு. பதிவு பண்ணிக்கிட்டா கூடுதல் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரைக்கும் வரும். அதுக்கப்புறம்? விண்டோஸ் 11 அந்த மெஷின்ல ஏறாது. ஆனா உபுண்டு ஏறும், காசு இல்லை. அதுல ரெம்மினானு ஒரு கிளையன்ட் போட்டுக்கலாம், விண்டோஸ் சர்வருக்கு நேரா போகலாம். முழு டெஸ்க்டாப்பா திறந்தா நல்லா ஓடும். டேலியை மட்டும் தனி விண்டோவா காட்டற ரிமோட் ஆப் முறை லினக்ஸ்ல கொஞ்சம் முரண்டு பிடிக்கும். டோக்கன் தேவைப்படறவங்க இந்தப் பக்கம் வராதீங்க.

இல்லை, புது லேப்டாப்தான் வேணும்னா, முதல்ல ஆபீஸ்ல கேளுங்க. கம்பெனி தன் பேர்ல வாங்கி உங்களுக்கு உபயோகத்துக்குக் கொடுத்தா, அந்தச் சலுகையோட மதிப்பு வருமான வரிக்கு பூஜ்யம். வருமான வரி விதிகள் 1962-ல அது 3-ஆவது விதியா இருந்தது. பிற்பாடு அதை உங்களுக்கே கொடுத்துட்டா, வருஷத்துக்கு 50% தேய்மானம் கழிச்சு மீதிக்குத்தான் வரிக் கணக்கு. 60,000 மெஷின் முழுசா ரெண்டு வருஷம் கழிச்சு 15,000. நீங்க அதுக்குக் காசு கொடுத்தா அதுவும் கழியும். நீங்களே 62,000 போட்டு வாங்கினா சம்பளக்காரருக்கு அதுல ஒரு ரூபாய் கூட வரிக் கழிவு கிடையாது. ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்ல எல்லாம் அடக்கம்.

தம்பி லேன் கேபிள் போட்டுட்டு மறுபடி மெயில் அனுப்பினார். எழுத்து உடனே வருதாம். "மாசம் 3,000-க்கு ஆர்.டி ஆரம்பிச்சுட்டேன் அண்ணா"னு எழுதியிருந்தார். ஒரு நிமிஷம் ரிமோட் டெஸ்க்டாப்னு நினைச்சுட்டேன், அப்புறம்தான் ரெக்கரிங் டெபாசிட்னு புரிஞ்சது. கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார்: சின்ன ஸ்க்ரீன்ல லெட்ஜர் பார்த்துக் கண்ணு வலிக்குது, என்ன பண்ணலாம்னு. அதுக்கு பதில், ஒரு செகண்ட் ஹேண்ட் 24 இன்ச் மானிட்டர். ரிச்சி ஸ்ட்ரீட்ல எச்.டி.எம்.ஐ போர்ட் இருக்கான்னு பார்த்து, அங்கேயே மாட்டி ஆன் பண்ணிப் பார்த்துட்டு வாங்குங்க. கோடு விழுதான்னு வெள்ளை ஸ்க்ரீன் வச்சு ஒரு அஞ்சு நிமிஷம் ஓடவிடுங்க.